திருப்பிப் போடாத சீட்டு

ஸ்கார்த்வைட் ஊர் மண்டபத்தின் கூரை ஒழுகத் தொடங்கியபோது, அதைச் சரிசெய்யப் பணம் திரட்டும் பரிசுச்சீட்டுக் குலுக்கலை யார் நடத்துவது என்ற பேச்சே எழவில்லை. மண்டபத்துக்கு நிலம் கொடுத்தது கால்வர்ட் குடும்பம். அங்கே குலுக்கல் என்றால் பெட்டிக்குப் பின்னால் ஒரு கால்வர்ட் நிற்பதுதான் முறை. இப்போது அந்த இடம் ஹெஸ்டர் கால்வர்ட்டுடையது. எழுபது தாண்டியும் நாற்காலியில் முதுகு சாய்த்து உட்காராதவர் அவர்.

சீட்டுகளைப் பள்ளத்தாக்கு முழுவதும் முன்கூட்டியே விற்க வேண்டியிருந்ததால் மாவட்டக் கவுன்சிலில் பதிவு செய்தாயிற்று. சீட்டின் விலையும் குலுக்கும் நாளும் நடத்துபவரின் பெயரும் முகவரியும் ஒவ்வொரு சீட்டிலும் அச்சாக வேண்டும் என்பது சட்டம். மற்றவர்கள் அதைத் தொல்லை என்றார்கள். ஹெஸ்டருக்கு அது பிடித்திருந்தது. செய்கிற காரியத்தில் பெயரைப் போடத் தயங்குகிறவர்களை அவர் மதித்ததில்லை.

க்ளிஃபர்ட் பீகாக் சாராயக்கடை வாசலிலேயே வழிமறித்தார். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அன்று தொடங்கிய சண்டை.

"பத்து சீட்டு வாங்கறேன் ஹெஸ்டர். ஒண்ணு சும்மா குடு."

"எல்லா சீட்டும் ஒரே விலை. அதான் சட்டம்."

"உன் சட்டமா?"

"கவுன்சில் சட்டம். என் சட்டமா இருந்தா உனக்கு ரெண்டு மடங்கு வச்சிருப்பேன்."

பரிசு சாதாரணமானது அல்ல. நகரத்தில் மாடிவீடு பார்த்துப் போகும் ஒரு கிழ இடையர், பெட் என்ற தன் மேய்ச்சல் நாயைக் கூரைக்காகக் கொடுத்திருந்தார். மூன்று வயது. ஒரு சீழ்க்கைக்கு மலைமுகட்டு ஆடுகளை மடக்கிக் கொண்டுவந்து நிறுத்தும். அப்படிப் பழக்கிய நாயைச் சந்தையில் விலை கேட்கவே பலருக்குத் துணிவு வராது.

ஹெஸ்டரின் மகன் ஆலனுக்கும் மருமகள் டோனாவுக்கும் அந்தத் துணிவு இல்லை. அவர்களுடைய நாய் குளிர்காலத்தில் செத்துப்போயிருந்தது. டோனா முட்டை விற்ற காசோடு மாமியார் வீட்டு அடுக்களைக்கு வந்தாள்.

"அத்தை, அஞ்சு சீட்டு குடுங்க."

"வாங்கிக்கோ. ஆனா பரிசு விழுந்தா சீட்டைத் திருப்பிப் போட்டுடணும். தெரியுமில்ல?"

"அப்புறம் எதுக்கு வாங்கறதாம்?"

"கூரைக்கு."

"கூரைக்கு வேணும்னா தனியா தர்றேன். எனக்கு நாய் வேணும் அத்தை. தினம் ஆட்டுக்குப் பின்னால மலையில ஓடி ஓடிக் குலைக்கிறதே நான்தான்."

ஹெஸ்டர் சிரிக்கவில்லை. பிராட்ஃபோர்டு நகரத்தில் பிறந்த பெண்ணுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்று எண்ணிக்கொண்டார். நடத்துகிற குடும்பத்துக்குப் பரிசு விழுந்தால் கூட்டம் "திருப்பிப் போடு" என்று கூவும். அவர்கள் சீட்டைப் பெட்டியில் போட்டு மறுபடி எடுக்கச் சொல்வார்கள். கைதட்டு விழும். ஹெஸ்டரின் அப்பா உப்பிட்ட பன்றித்தொடை ஒன்றை அப்படித் திருப்பிப் போட்டார். அம்மா கம்பளிப் போர்வையை. ஹெஸ்டரே ஒருமுறை கிறிஸ்துமஸ் கூடையை. கால்வர்ட் கை கொடுக்கும், எடுக்காது என்பது ஊரறிந்த பெருமை.

குலுக்கல் நாளன்று மண்டபம் நிறைந்தது. ஒழுகும் இடங்களில் வாளிகள், மேசைகளில் தேநீரும் பழக்கேக்கும் பாலாடைக்கட்டியும். பெட்டியும் கால்வர்ட்டுடையது, எடுக்கும் கையும் கால்வர்ட்டுடையது என்று க்ளிஃபர்ட் சாராயக்கடையில் பேசியது ஹெஸ்டரின் காதுக்கு வந்திருந்தது. மேடையிலிருந்தே கூப்பிட்டார்.

"க்ளிஃபர்ட், வா மேல. சட்டைக் கையைச் சுருட்டு. நீயே எடு."

"நானா?"

"ஏன், கை வலிக்குதா? வாய்க்கு மட்டும்தான் வேலை குடுப்பியா?"

கூட்டம் சிரித்தது. க்ளிஃபர்ட் முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவி ஒரு சீட்டை எடுத்தார். அதில் வாங்கியவர் எழுதியிருந்த பெயரைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்த்தே பாதிப்பேருக்கு விளங்கிவிட்டது.

"டோனா கால்வர்ட்."

பின்வரிசையில் யாரோ "திருப்பிப் போடு!" என்றார்கள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வன்மம் ஒன்றும் இல்லை, பழக்கம்தான். க்ளிஃபர்ட் சீட்டைப் பெட்டிக்கு மேலே பிடித்தபடி ஹெஸ்டரைப் பார்த்தார்.

"போடட்டுமா?"

'போடு' என்ற சொல் ஹெஸ்டரின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போதுதான் தேநீர் அடுப்பருகே நின்ற டோனா கண்ணில் பட்டாள். அவள் கோபப்படவில்லை. கைதட்டு விழும்போது சிரிப்பதற்காக முகத்தைத் தயார் செய்துகொண்டிருந்தாள்.

ஹெஸ்டருக்குச் சுரீரென்றது. இந்தப் பெண்ணிடம் மற்றவர்களிடம் வாங்கிய அதே விலையை வாங்கி, ஒருக்காலும் பரிசு கிடைக்காத சீட்டை அல்லவா விற்றிருக்கிறேன்? அதுவும் என் பெயர் அச்சடித்த சீட்டை.

"போடாதே" என்றார்.

கூவல் அடங்கியது.

"அந்தச் சீட்டுல யார் பேரு அச்சடிச்சிருக்கு, க்ளிஃபர்ட்?"

"உன் பேருதான்."

"அந்தப் பேரை நம்பித்தான் அவ காசு குடுத்தா. விழுந்தாலும் கிடைக்காத சீட்டை வித்தா அதுக்குப் பேரு மானம் இல்ல, மோசடி. எடுத்தாச்சு. இனி அது வாங்கினவளுக்குச் சொந்தம். திருப்பிப் போட எனக்கு உரிமை கிடையாது."

"வழக்கம்னு ஒண்ணு இருக்கேம்மா!" என்றது ஒரு குரல்.

"இருந்துச்சு. எங்கப்பா திருப்பிப் போட்ட பன்னித்தொடை யாருக்கு விழுந்துச்சு, க்ளிஃபர்ட்?"

க்ளிஃபர்ட் தொண்டையைச் செருமினார். "எங்கப்பாவுக்கு. ஈஸ்டர் வரைக்கும் சாப்பிட்டோம். நல்லாத்தான் இருந்துச்சு."

மண்டபம் அதிர்ந்தது. ஹெஸ்டர் சிரிப்பு ஓயும்வரை காத்திருந்தார்.

"இதுல சூது இருக்குன்னு நினைக்கிறவங்க இப்பவே என் முகத்துக்கு நேரா சொல்லிடுங்க. ஆனா எடுத்தது கால்வர்ட் கை இல்ல. அதையும் பார்த்துக்கிட்டு சொல்லுங்க."

எல்லாக் கண்களும் முழங்கைக்கு மேல் திறந்துகிடந்த அந்தக் கையில் போய் நின்றன. க்ளிஃபர்ட் சிவந்துபோனார்.

"என் கையை எவன்டா சந்தேகப்படறது? வாங்கடா முன்னால!" என்று கர்ஜித்தார்.

ஒருவரும் வரவில்லை. ஹெஸ்டர் டோனாவின் பக்கம் திரும்பினார்.

"இது உன்னோடது. வேணுமா வேணாமான்னு நீ சொல்லு. உனக்காக நான் சொல்ல மாட்டேன்."

டோனா மாமியாரைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"வேணும். எடுத்துக்கறேன்."

முதலில் கைதட்டியது க்ளிஃபர்ட். அதன்பின் எழுந்த ஓசையில் வாளிகளில் சொட்டிய நீர்கூடக் கேட்கவில்லை. கிழ இடையர் நாயின் வாரை டோனாவின் கையில் கொடுத்தார். பெட் அவளை மோந்து பார்த்துவிட்டு, வேலை எப்போது என்று கேட்பதுபோல் வாசலை நோக்கித் திரும்பி நின்றது.

வெளியே வரும்போது படியில் நின்ற ஒரு கிழவர் முணுமுணுத்தார். "கடைசில ஒரு கால்வர்ட் கை நீட்டி வாங்கிட்டாங்கப்பா."

ஹெஸ்டர் நின்றார்.

"ஆமா, கால்வர்ட்தான்" என்றார், படியில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி. "எங்க வீட்டு மருமக. வழி விடுங்க."

வழி விட்டார்கள். டோனாவையும் நாயையும் முன்னே நடக்கவிட்டு, ஹெஸ்டர் கால்வர்ட் நடுத்தெருவில் நிமிர்ந்து நடந்தார்.