மாலை பேசஞ்சர் போகும் வீடு

ரயில்வே கேட் கீப்பர் வேலைக்குப் போவதை நிறுத்திய மறுநாள் சாயங்காலம், மாலை பேசஞ்சர் அவர் வீட்டுக் கூடத்தின் வழியாகப் போனது. வாசல் பக்கத்துச் சுவரில் நுழைந்து, கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் ஓடி, சமையலறை ஜன்னல் வழியே வெளியேறியது. சுவர் இடியவில்லை. அலமாரியில் பாத்திரங்கள் நடுங்கின, காலண்டர் தாள்கள் படபடத்தன, அடுப்பில் இருந்த பாலின் மேல் இரும்புத் தூசி மெல்லிய ஏடு போலப் படிந்தது. அவர் மனைவி அந்தப் பாலைக் கீழே கொட்டிவிட்டு, நாளையிலிருந்து வண்டி வருவதற்கு முன்பே காய்ச்சி மூடிவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டாள். அவ்வளவு சின்ன இடைவெளியில் ரயில் எப்படிப் போகும் என்று கேட்டவர்களிடம், இடம் போதாதுதான், ஆனாலும் போகிறது என்றார் கேட் கீப்பர். வீட்டுச் சொந்தக்காரர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். விரிசல் ஒன்றும் இல்லை. "ரயில் விடுவீங்கன்னு குடி வரும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கேட் கீப்பர் வேலைக்குப் போகாமல் நின்றதற்குக் காரணம் தெருவில் எல்லாருக்கும் தெரியும், யாரும் அதைப் பேசுவதில்லை. ஒரு சாயங்காலம் அவர் கேட்டைப் பூட்டி, ஸ்டேஷனுக்குப் போனில் சொல்லியாகிவிட்டது. அப்படிச் சொன்ன பிறகு வண்டி கடக்கும்வரை கேட்டைத் திறக்கக் கூடாது. அதுதான் அந்த வேலையே. அன்று வண்டி வளைவுக்கு அப்பால் எதற்கோ நின்றுவிட்டது. ஒரு ஆட்டோ வந்தது. உள்ளே ஒரு பெண், மடியில் மூச்சுத் திணறும் மகள். ஆஸ்பத்திரி கேட்டுக்கு அந்தப் பக்கம். "கொஞ்சம் திறக்க முடியுமாண்ணா?" என்று அவள் கேட்டாள். "வண்டி வந்துக்கிட்டே இருக்கும்மா, இதோ வந்துடும்" என்றார் அவர். "சரிங்கண்ணா" என்றாள் அவள். மற்றவர்கள் வழக்கம்போலக் குனிந்து கேட்டுக்கு அடியில் புகுந்து போய்க்கொண்டிருந்தார்கள். அவளும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அப்படிப் போயிருந்தால், அந்தப் பக்கம் நின்ற ஏதாவது வண்டியில் ஏறியிருக்கலாம். அவர் சொன்னதை நம்பி ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தாள். ரயில் வர நேரமாயிற்று. கேட் திறந்தபோது ஆட்டோக்காரர் அவசரப்பட வேண்டியிருக்கவில்லை.

விசாரணையில் அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று முடிவானது. கடமை தவறாதவர் என்று பாராட்டக்கூடச் செய்தார்கள். அந்தப் பாராட்டைக் கேட்ட அன்றுதான் அவர் லீவு சொல்லிவிட்டு, விளக்கையும் கொடிகளையும் பெட்டியில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்தார். அவள் சண்டை போட்டிருந்தால், சாபம் விட்டிருந்தால், அவர் தாங்கியிருப்பார். அந்த "சரிங்கண்ணா"வைத்தான் அவரால் எங்கேயும் இறக்கி வைக்க முடியவில்லை.

மனைவியின் தம்பி மெத்தைக் கடை வைத்திருந்தான். சும்மா உட்கார்ந்தால் மனுஷன் துருப்பிடித்துப்போவான் என்று சொல்லி அவரைக் கடைக்குக் கூட்டிப்போனான். பஞ்சு சத்தம் போடாது என்பது அவருக்கு முதலில் பிடித்தது. ஆனால் கை பழகவில்லை. கொடி பிடித்துப் பழகிய கை ஊசியை நேராகப் பிடித்தது, தையல் கோணலாகப் போனது. பஞ்சு ஒரு மூலையில் மலையாகவும் இன்னொரு மூலையில் பள்ளமாகவும் நின்றது. "மாமா, மெத்தை தைக்கச் சொன்னா மூட்டை கட்டி வெச்சிருக்கீங்க" என்றான் மச்சினன். "இதுல படுக்கிறவன் உருண்டு விழுந்தா நம்ம கடை பேரைத்தான் சொல்வான்." அவர் பிரித்து மறுபடி தைத்தார். வீட்டுக்குத் திரும்பும்போது தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். பேசஞ்சர் வந்ததும் அந்தப் பஞ்செல்லாம் பறந்து கூடம் முழுக்கச் சுற்றி, கடைசிப் பெட்டியோடு சமையலறை ஜன்னல் வழியே போய்விடும்.

மாதங்கள் இப்படிப் போயின. மனைவிக்கு உடம்பு இளைத்தது. சாயங்காலமானால் அவள் கை தானாகவே அலமாரியைப் பிடித்துக்கொள்ளும். ரயில்வேயின் இன்ஸ்பெக்டர் ஒருநாள் வந்தார். நல்ல மனிதர், இரைந்து பேசத் தெரியாதவர். பேசிக்கொண்டிருக்கும்போதே வண்டி வந்தது. கால்களைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இங்கேயும் லேட்டுதானா" என்றார். பிறகு, இது புதிதல்ல என்றும், முன்பு வண்டிகளைத் தடம் மாற்றிவிடும் ஒரு பாயின்ட்ஸ்மேன் வீட்டில் சரக்கு வண்டியே போய்க்கொண்டிருந்தது என்றும், அவர் டூட்டிக்குத் திரும்பிய அன்றே அது தண்டவாளத்துக்குப் போய்விட்டது என்றும் விளக்கினார். இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. இந்த மாதக் கடைசிக்குள் வந்து சேர்ந்தால் பழைய வேலை, பழைய சம்பளம். வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். "யோசிச்சு முடிவு பண்ணுங்க. பாவம், வீட்டம்மா முகத்தைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

அவர் யோசித்தார். மெத்தைக் கடையில் மச்சினன் நல்லவன், ஆனாலும் இந்த வயதில் ஒன்றும் தெரியாதவனாக உட்கார்ந்திருப்பது கூச்சமாக இருந்தது. கேட்டில் அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. வீடும் அமைதியாகும். "போயிடுங்க" என்றாள் மனைவி. "எனக்கு ஒரு சாயங்காலமாவது நிம்மதியா உட்காரணும்." அவர் சரி என்றார். மனைவி சீருடையைத் துவைத்துத் தேய்த்து ஆணியில் மாட்டினாள்.

அவர் அவளிடம் சொல்லாதது ஒன்று இருந்தது. வண்டியின் நடுப்பெட்டியில், ஜன்னலின் அடிக்கம்பியில் முகவாயை வைத்துக்கொண்டு, அன்று ஆட்டோவில் இருந்த அந்தச் சிறுமி தினமும் போனாள். அழுதுகொண்டு போகவில்லை, சிரித்துக்கொண்டும் போகவில்லை. ஜன்னலோர இடம் கிடைத்த குழந்தைகள் எப்படி வேடிக்கை பார்க்குமோ அப்படிப் பார்த்துக்கொண்டு போனாள். வண்டி ஆடும்போதெல்லாம் முகவாய் கம்பியில் இடித்தது. அவர் அதைப் பார்ப்பதற்காகத்தான் தினமும் பீரோவின் பக்கத்தில் ஒரே இடத்தில் நின்றார். அவர் எங்கே நிற்கிறார், எதைப் பார்க்கிறார் என்று ஒருநாள் மனைவியும் அங்கே போய் நின்றாள். அன்று முதல் அவளுக்கும் தெரியும். தெரிந்ததை அவளும் சொல்லவில்லை.

அவர் டூட்டியில் சேர வேண்டிய நாளுக்கு முந்தின நாள், மனைவி காய்கறி வாங்கப் போன இடத்தில் அந்தத் தாயைப் பார்த்தாள். அவள் ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைக்கும் இடத்தில் வேலை செய்பவள். விரல்கள் எப்போதும் ஊறி வெளுத்திருக்கும். அவள் ஒரே ஒரு கத்தரிக்காயை எடுத்துப் பார்த்துவிட்டு, வேண்டாமென்று திரும்ப வைத்தாள். அதைப் பார்த்ததும் கேட் கீப்பரின் மனைவிக்கு நிம்மதியான சாயங்காலம் என்ற எண்ணமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. பக்கத்தில் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, சாயங்காலம் வீட்டுக்கு வரச் சொன்னாள். ஆண்டவன் பெரிய காரியங்களை எப்படி நடத்துகிறான் என்று நமக்குத் தெரியாது. சின்னக் காரியங்களுக்கு அவன் இப்படி யாராவது ஒருவரின் கையைத்தான் அனுப்புகிறான்.

சாயங்காலம் அந்தத் தாய் வந்தாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கொடுத்த டீயைக் குடிக்காமல் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். கேட் கீப்பர் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்து நின்றார். வண்டி வந்தது. நடுப்பெட்டி வந்ததும் அவள் எழுந்தாள். கத்தவில்லை. ஜன்னலோடு சேர்ந்து, பீரோவைத் தாண்டி, சமையலறை மேடைவரை நடந்தாள். அதற்கு மேல் வீடு இல்லை. வண்டி போய்விட்டது. டம்ளரில் டீ ஆடி அடங்கியது.

"நாளைக்கும் வருமாண்ணா?" என்றாள்.

"நாளைக்கு நான் டூட்டிக்குப் போறேம்மா. போனா இந்தப் பக்கம் வராதாம்."

"சரிங்கண்ணா" என்றாள் அவள். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

அன்று அவர்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. விடிந்ததும் மனைவி ஆணியிலிருந்து சீருடையை எடுத்தாள். அவருக்குக் கொடுக்கத்தான் எடுக்கிறாள் என்று அவர் நினைத்தார். அவள் அதை நாலாக மடித்துப் பெட்டியில் வைத்தாள். "கடைக்குப் போங்க. தம்பி காத்துக்கிட்டிருப்பான்" என்றாள். "அப்போ உன் நிம்மதி?" என்று கேட்டார். "பாலை முன்னாடியே காய்ச்சிடறேன், வேறென்ன" என்றாள்.

சாயங்காலம் அவரே போய் அந்தத் தாயை அழைத்துவந்தார். பெட்டியிலிருந்து சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு, வாசல் பக்கத்துச் சுவரைப் பார்த்து நின்று, வண்டி வந்ததும் காட்டினார். பேசஞ்சர் பெருமூச்சு விட்டுக்கொண்டு கூடத்தில் நின்றது. பயணிகள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் இது எந்த ஸ்டேஷன் என்று கேட்டார். வீடு என்று மனைவி பதில் சொன்னாள். தாய் கம்பிகளுக்குள் கையை விட்டு மகளின் தலையைக் கோதினாள், முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். முகவாயில் கம்பியின் தடம் சிவந்திருந்தது.

"கேட்டு திறந்தாச்சாம்மா?" என்று சிறுமி கேட்டாள்.

தாய் திரும்பிக் கேட் கீப்பரைப் பார்த்தாள்.

"திறந்தாச்சு பாப்பா" என்றார் அவர். பிறகு பச்சைக் கொடியைக் காட்டினார். வண்டி நகர்ந்தது.

அதற்குப் பிறகு அவர் வண்டியை நிறுத்தவில்லை. ஒரு வண்டியை நிறுத்தினால் அதில் இருக்கிற எல்லாருடைய வீட்டிலும் யாரோ காத்திருக்க வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். அதற்குப் பதிலாக, பச்சைக் கொடியை வெட்டி, கடையிலிருந்து நல்ல பஞ்சு கொண்டுவந்து, ஒரு சாண் அளவுக்குத் தலையணை ஒன்று தைத்தார். அதுதான் அவர் கோணலில்லாமல் தைத்த முதல் உருப்படி. மச்சினன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாமா, இப்பதான் நீங்க மெத்தைக் கடைக்காரர்" என்றான். மறுநாள் வண்டி வளைவில் வருவதுபோலக் கூடத்தில் வேகம் குறைந்தபோது, தாய் ஜன்னலோடு நடந்துகொண்டே அதை அடிக்கம்பியில் கட்டிவிட்டாள்.

கொடிகளைத் திரும்ப வாங்க இன்ஸ்பெக்டர் வந்தார். சிவப்பு இருந்தது, பச்சை இல்லை. தலையணையாகிவிட்டது என்று கேட் கீப்பர் உண்மையைச் சொன்னார். அப்போது வண்டி வந்ததால் இன்ஸ்பெக்டர் கால்களைத் தூக்கிக்கொண்டார், நடுப்பெட்டி ஜன்னலில் கட்டியிருந்த தலையணையைப் பார்த்தார், பிறகு, "பழசு, கிழிஞ்சுபோச்சுன்னு சொல்லிக்கிறேன்" என்றார்.

வருஷங்கள் போயின. கேட் கீப்பரை இப்போது எல்லாரும் மெத்தைக்காரர் என்கிறார்கள். அந்த வீட்டில் பால் சீக்கிரமே காய்ச்சப்படுகிறது, அலமாரிப் பாத்திரங்களுக்கு அடியில் பழைய துணி விரிக்கப்பட்டிருக்கிறது. சாயங்காலத்தில் இரண்டு பெண்கள் கட்டிலில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். வண்டி வரும்போது ஒருத்தி எழுந்து சமையலறைவரை நடந்துவிட்டு வருகிறாள், மற்றவள் அதுவரை அவள் டம்ளரையும் பிடித்துக்கொள்கிறாள். கேட்டில் இருக்கும் புது ஆள், நிஜத் தண்டவாளத்தில் போகும் மாலை பேசஞ்சரின் நடுப்பெட்டியில் ஒரு ஜன்னலில் பச்சைத் தலையணை ஒன்று கட்டியிருப்பதாகச் சொல்கிறார். அந்த இடத்தில் யாரும் உட்காருவதில்லை. வண்டியைக் கழுவுகிறவர்கள் அதை அவிழ்த்துத் துவைத்து, காயவைத்து, மறுபடி அங்கேயே கட்டிவிடுகிறார்கள்.