பெயிண்ட் மேல் முறுக்கிய நட்டு

பல் டாக்டரின் கார் மறுபடியும் பட்டறை வாசலில் வந்து நின்றதும் எலக்ட்ரீஷியனுக்கு எரிச்சல்தான் வந்தது. நாலு மாதத்துக்கு முன்னால் இதே காரை, பானட்டைக்கூடத் திறக்காமல், எட்ட நின்றே தீர்ப்புச் சொல்லி அனுப்பியவர் இவர். அன்று, பாட்டு அதிரும்போதெல்லாம் ஹெட்லைட் மங்குகிறது என்று டாக்டர் வந்திருந்தார்.

"ஆம்ப்ளிஃபயர் மாட்டினது என் தம்பிதானே? அவனுக்கு ஸ்பீக்கர் தெரியும், கரண்டு தெரியாதுங்க" என்றார் இவர். கூடவே வேலை பார்த்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் எதிர்த் தெருவில் தனிக்கடை போட்டவன் மேல் அவ்வளவு கடுப்பு.

டாக்டருக்கு வாய் சும்மா இருக்குமா? அவர் நாற்காலியில் வாயைப் பிளந்து கிடப்பவன் எதிர்த்துப் பேசவா போகிறான்! சேதி ஊரெல்லாம் பரவியது. தம்பி கடையில் ஈ ஓட்டினான். இன்று காலை கடையையே காலி செய்துகொண்டிருக்கிறான்.

"ஸ்டீரியோ மொத்தத்தையும் கழட்டிட்டேன். இப்பவும் ஏ.சி. போட்டா லைட்டு மங்குதே?" என்றார் டாக்டர்.

எலக்ட்ரீஷியன் இந்த முறை பானட்டைத் திறந்தார். இஞ்சினை ஓடவிட்டு, லைட்டையும் ஏ.சி.யையும் போட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை இஞ்சின் மேலும் வைத்தார். பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டியது ஒன்றரை வோல்ட் காட்டியது. இஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் ஒயரைக் கழற்றினார். நட்டுக்கு அடியில் பெயிண்ட், கரண்டை மறித்துக்கொண்டு, புதுக்கருக்கு அழியாமல் இருந்தது. போன வருஷம் கார் பெயிண்ட் அடித்து வந்தபோது, அதைச் சுரண்டாமல் மேலேயே வைத்து முறுக்கியது வேறு யாருமில்லை, இவரேதான். சாப்பாட்டுக்கு நேரமாகிறது என்ற அவசரம்.

உப்புத்தாளால் இரும்பு தெரியத் தேய்த்து இறுக்கினார். பத்து நிமிஷ வேலை. லைட் வெளிச்சத்தில் கண் கூசியது.

"தப்பு என்னோடதுங்க. தம்பி வேலை சுத்தம்" என்று எப்படியோ சொல்லி முடித்தார்.

டாக்டர் பெருந்தன்மையாகத் தோளைத் தட்டினார். "அட விடுங்க. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

எலக்ட்ரீஷியன் எதிர்த் தெருவுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். தம்பி கடைசி அலமாரியைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தான்.

"டேய், டாக்டர் கார்ல எர்த்து பெயிண்ட் மேல இருந்துச்சுடா. நான் போட்டதுதான்."

"தெரியும்ணே. அன்னிக்கு அவர் உன்னைப் பாத்துட்டு நேரா இங்கதான் வந்தாரு. மீட்டர் வச்சதுமே தெரிஞ்சுபோச்சு."

"அவர்கிட்ட சொல்லியிருக்கலாமேடா!"

"சொன்னேன். நட்டைத் தொடவே விடல. 'பழியை அவர் மேலதான் நீங்க போடுவீங்கன்னு உங்க அண்ணன் அப்பவே சொன்னாரு'ன்னு சிரிச்சாரு."

சொன்னது உண்மைதான். அன்று டாக்டர் வண்டியை எடுக்கும்போது எலக்ட்ரீஷியன்தான் ஜன்னல் பக்கம் குனிந்து, சிரித்துக்கொண்டே அப்படிச் சொன்னார். தம்பியின் பிழைப்பில் மண்ணைப் போட அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்திருக்கிறது.

எலக்ட்ரீஷியன் அலமாரியின் இன்னொரு முனையைப் பிடிக்கப் போனார்.

"வேணாம்ணே" என்றான் தம்பி, கோபமே இல்லாத குரலில். "நானே தூக்கிக்கறேன்."