சதுப்பு முனையில் என் மௌசர்

என் துப்பாக்கிக்கு அழகு கிடையாது. அதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், வேறு யாரும் சிரமப்பட வேண்டாம். கட்டையில் ஒரு விரிசல், அதன்மேல் கறுப்பு நாடா சுற்றியிருக்கிறேன். நான் பிடித்துத் தூக்கும் இடத்தில் இரும்பின் கறுப்பு தேய்ந்து வெள்ளி மாதிரிப் பளபளக்கும். மேலே தொலைநோக்கிக் கண்ணாடி எதுவும் இல்லை. முன்னால் ஒரு முள், பின்னால் ஒரு பள்ளம், இவற்றுக்குப் பின்னால் என் கண். அவ்வளவுதான். ஆனால் நரியானாலும் காட்டுக்கோழியானாலும், குதிரையைவிட உயரமாய் நிற்கும் எல்க் மானானாலும் நான் கையில் எடுப்பது இந்த மௌசரைத்தான். வீட்டில் இன்னொன்றும் இருக்கிறது. அது அலமாரியைவிட்டு வெளியே வந்து வருஷக்கணக்காகிறது.

எங்கள் நாம்தாலன் பள்ளத்தாக்கில் எல்க் வேட்டை குழுவாய்ச் செய்வது. நாய்க்காரர் நாயோடு காட்டுக்குள் போவார். மற்றவர்கள் ஆளுக்கோர் இடத்தில் மூச்சு விடாமல் நிற்போம். நாய் கிளப்பிவிடும் மிருகம் யார் பக்கம் வருகிறதோ அவருக்கு யோகம். அதனால் எங்கே நிற்கிறோம் என்பதுதான் எல்லாம். எனக்கு இருப்பது சதுப்பு முனை. மரமே இல்லாத பரந்த சதுப்பு, சுற்றிலும் ஊசியிலை ஸ்ப்ரூஸ் மரக் காடு, நடுவில் நாக்கு நீட்டியது போல ஒரு மேடு. எங்கள் காட்டிலேயே நல்ல இடம் அதுதான். அதில் கண் வைக்காதவர் குழுவில் யாரும் இல்லை.

எல்லாரையும்விட அதிகமாய்க் கண் வைத்தவர் ஹால்வார்ட், குழுவின் தலைவர், என் அக்கா ஸுன்னிவாவின் புருஷன். பன்றி வளர்க்கிறார், நல்ல மனுஷன், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். இரண்டு வருஷமாய் முனையில் ஓர் எல்க்கும் விழவில்லை. வந்தால்தானே அடிப்பது? வந்ததெல்லாம் வேறு பக்கம் போனது. அதைச் சொன்னால் கேட்பாரா? இந்த வருஷமும் விழவில்லையென்றால் முனை தனக்கு என்று குழுவைக் கூட்டிச் சொல்லிவிட்டார்.

"முனையில ஒரு குறையும் இல்ல. அங்க நிக்கிற கம்பியிலதான் குறை. கொழுந்தியா, அதை வித்து ஒரு நல்ல மண்வெட்டி வாங்கிக்க."

எல்லாரும் தலையாட்டினார்கள். நாய்க்காரர் தொர்கில்ஸ் மட்டும் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். முனை போனால் எனக்கு மிஞ்சுவது சாலையோரம். அங்கே வருவது தபால் வண்டி ஒன்றுதான். என்னைச் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன், துப்பாக்கியைச் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை.

வேட்டைக்கு முன்னால் வருஷாவருஷம் எல்லாரும் சுட்டுக் காட்ட வேண்டிய பரீட்சையில் ஐந்து குண்டையும் காகித எல்க்கின் நெஞ்சில் போட்டேன். காகித எல்க் நடக்காது தாயீ என்றார் ஹால்வார்ட். அவர் கையில் புதுத் துப்பாக்கி. கட்டை மரமே இல்லை, ஏதோ சாம்பல் நிறப் பொருள். மேலே என் முழங்கை நீளத்துக்குக் கண்ணாடி. அதற்கு என்ன விலை கொடுத்தார் என்று அக்காவுக்கே தெரியாது. தெரிந்திருந்தால் அவர் பன்றிகளோடுதான் படுத்திருப்பார்.

நாட்கள் ஓடின. மற்றவர்கள் ஆளுக்கொன்று அடித்தார்கள், என் முனைக்கு ஒரு முயல்கூட வரவில்லை. கடைசி நாளுக்கு, அந்த வருஷம் அடிக்க எங்களுக்கு அனுமதித்த கணக்கில் மிச்சமிருந்தது ஒரே ஒரு கிடா எல்க். அதற்கு முந்தைய நாள் மழையும் பனியும் கலந்து கொட்டி, சாயங்காலம் வானம் தெளிந்து குளிர் இறங்கியது. காட்டுக் குடிசையில் அடுப்பைக் கொளுத்தி, சூப் குடித்து, ஈரக் கம்பளிச் சட்டைகளை உத்தரத்தில் தொங்கவிட்டோம். உள்ளே நீராவிக் குளியல் அறை கெட்டது போங்கள்.

அந்தப் புழுக்கத்துக்குள் ஹால்வார்ட் தன் புதுத் துப்பாக்கியைக் கொண்டுவந்தார், எல்லாரும் கண்ணாடி வழியாகப் பார்க்கட்டுமென்று. குளிர்ந்த இரும்பைச் சூட்டுக்குள் கொண்டுவந்தால் வேர்க்கும். இது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும், ஹால்வார்டுக்கும் தெரியும். ஆனால் பெருமை வந்து கண்ணை மறைத்தால் தெரிந்தது எதற்கு ஆகும்? கைக்குக் கை மாறிய துப்பாக்கி, கடைசியில் அடுப்புப் பக்கத்துச் சுவரில் சாய்ந்துகொண்டது. என் மௌசரை நான் வெளியே விறகுக் கொட்டகையில் வைத்துப் பூட்டியிருந்தேன்.

"அத்தான், அதையும் வெளியே வைங்க, வேர்க்குது பாருங்க," என்றேன்.

"உன்னோடது விறகுதானே, விறகோட கிடக்கட்டும். என்னோடதுக்கு மரியாதை வேணும்." குடிசையே சிரித்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது என்று திரும்பிப் படுத்துவிட்டேன்.

காலையில் மீசை உறையும் குளிர். அவரவர் இடத்துக்குப் பிரியும்போது ஒருவருக்கொருவர் 'வேட்டை நாசமாப் போக' என்று சொல்வதுதான் எங்கள் வழக்கம். நல்லபடி வாழ்த்தினால் அன்றைக்கு ஒன்றும் கிடைக்காது. ஹால்வார்ட் என் முன்னால் வந்து நின்றார், கையைப் பிடித்துக் குலுக்கினார், எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்:

"குன்வோர், உனக்கு இன்னிக்கு அமோகமா வேட்டை அமையணும்."

தொர்கில்ஸ் பக்கத்தில் திரும்பித் துப்பினார். அவருடைய நாய் ஸ்காலிகூட வாலை இறக்கியது என்பேன், நீங்கள் நம்ப வேண்டியதில்லை. ஒரு மனுஷன் சொந்தக் கொழுந்தியாளுக்குச் செய்கிற காரியமா இது? எனக்கு ரத்தம் தலைக்கேறியது. அவர் கையை விடாமல் இறுக்கிப் பிடித்தேன்.

"உங்களுக்கும் அப்படியே அமையட்டும் அத்தான். ரெண்டு மடங்கா."

அவர் முகம் சுருங்கியதைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

அவருக்கு அன்று சதுப்பின் எதிர்க்கரை. தலைவர் ஆயிற்றே, தானே எடுத்துக்கொண்டார். நான் முனையில் நின்றால் அவருடைய ஆரஞ்சுத் தொப்பி எதிரே தெரியும். வெயில் ஏறும்வரை ஒன்றும் இல்லை. பிறகு காட்டுக்குள் ஸ்காலியின் குரல், விட்டுவிட்டு, பிறகு விடாமல். குரல் நெருங்கியது. நெருங்கியது என் பக்கம் இல்லை, அவர் பக்கம்.

கிடா வெளியே வந்தது. அகலக் கொம்பு, கறுத்த உடம்பு, ஹால்வார்டிலிருந்து ஒரு கல்லெறி தூரம்கூட இல்லை. கண்ணை மூடிக்கொண்டு சுட்டாலும் விழும். முனை போயிற்று என்று நினைத்தேன். அவர் துப்பாக்கியைத் தூக்கினார். நான் சத்தத்துக்குக் காத்திருந்தேன்.

சத்தம் வரவில்லை. ஹால்வார்ட் குண்டேற்றும் பூட்டை இழுத்தார், தள்ளினார், மறுபடி தூக்கினார். மறுபடியும் ஒன்றும் இல்லை. அடுப்போரம் குடித்த ஈரம் பூட்டுக்குள் உறைந்து, குண்டைத் தட்டும் ஊசி நகரவே மறுத்துவிட்டது. பதறின பதற்றத்தில் நாங்கள் ஆளுக்கொன்று வைத்திருக்கும் ரேடியோவின் பொத்தானை வேறு அழுத்திவிட்டார் போல. அவர் அந்தத் துப்பாக்கியைத் திட்டின திட்டெல்லாம் என் காதில் விழுந்தது, குழுவில் எல்லார் காதிலும் விழுந்தது. அதில் பாதி எங்கள் பாதிரியாருக்குத் தெரியாத வார்த்தைகள்.

கிடா சத்தத்துக்கு மிரண்டு சதுப்பில் இறங்கியது. நேரே என்னை நோக்கி வந்தது. சுடும் தூரம்தான், ஆனால் அதற்கு நேர் பின்னால் ஹால்வார்ட் நிற்கிறார். துப்பாக்கியைத் தாழ்த்தியே பிடித்திருந்தேன். அக்காவை விதவையாக்க எனக்கு ஆசை வந்த நாட்கள் உண்டு, அன்றைக்கு இல்லை. வா, வா, கொஞ்சம் திரும்பு என்று வாய்க்குள்ளேயே கெஞ்சினேன். இன்னும் சில தாவலில் என் பக்கத்துக் காட்டுக்குள் புகுந்து மறைந்துவிடும்.

என் வாடை பட்டிருக்க வேண்டும். முனைக்குச் சற்று முன்னால் சட்டென்று வடக்கே திரும்பி, சதுப்பின் ஓரமாக ஓடியது. இப்போது அதன் பின்னால் மலைச்சரிவு மட்டுமே. மௌசர் தோளுக்கு எப்படி வந்தது என்று தெரியாது. தினமும் சாப்பிடுகிறவனுக்குக் கை வாய்க்குப் போகும் வழியா தெரியாது? எல்க் குரலில் ஒருமுறை முனகினேன். கிடா நின்றது, யார் என்று பார்க்க. முள் பள்ளத்தில் உட்கார்ந்தது, பள்ளம் நெஞ்சில் உட்கார்ந்தது. சுட்டேன்.

சிறிது தூரம் ஓடியது. வேகம் குறைந்தது, முன்னங்கால் மடங்கியது, சாய்ந்தது. நான் உடனே போகவில்லை. அதற்கு உரிய அமைதியைக் கொடுத்துவிட்டு, பிறகு நடந்தேன். நடக்கும்போதே சந்தோஷம் முழங்காலிலிருந்து ஏறியது. சின்னப் பிள்ளை போலக் குதிக்கத் தோன்றியது. குதித்தேன், யார் பார்த்தால் என்ன?

ரேடியோவில் தலைவர் கேட்டாக வேண்டும், கேட்டார், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது: "யார் சுட்டது?"

"சதுப்பு முனை," என்றேன். "கிடா விழுந்தாச்சு. ஒரே குண்டு."

எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். தொர்கில்ஸ் என்னை இடுப்போடு கட்டித் தூக்கி இறக்கினார். ஹால்வார்ட் கடைசியாக வந்தார். வீழ்த்தியவரின் தொப்பியில் தலைவர் தன் கையால் ஸ்ப்ரூஸ் கொத்து ஒன்றைச் செருக வேண்டும், அது முறை. யார் முகத்தையும் பார்க்காமல் ஒரு கொத்தை ஒடித்து, மிருகத்தின் ரத்தத்தில் தொட்டுக்கொண்டு என்னிடம் வந்தார்.

"தலையைக் காட்டு."

"என் தலை எதுக்கு அத்தான்? அடிச்சது இவன்." குண்டுகளை எடுத்துப் பூட்டைத் திறந்துவைத்திருந்த மௌசரை அவர் முன்னால் நிமிர்த்திப் பிடித்தேன். "இவனுக்குச் செருகுங்க. முனை யாருக்குன்னும் இவன்கிட்டயே சொல்லிடுங்க."

எல்லாரும் அவரையே பார்த்தார்கள். ஹால்வார்ட் என்னைப் பார்த்தார், கறுப்பு நாடாவைப் பார்த்தார். பெருமூச்சு விட்டுத் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கினார். குனிந்து, முள்ளுக்குக் கீழே, துப்பாக்கியைத் தோளில் மாட்டும் தோல்வாரில் கொத்தைக் கவனமாகச் செருகினார்.

"முனை உனக்குத்தான்யா," என்றார் துப்பாக்கியிடம். "துணைக்கு வேணும்னா இவளையும் கூட்டிட்டு வா."