ஒரு சுற்றுக்கு ஒரு படம்

1

இப்போதெல்லாம் எவனுக்கும் எதைக் காட்டினாலும் நம்பிக்கை கிடையாது. போட்டோவை நீட்டினால், "கம்ப்யூட்டர்ல செஞ்சதா?" என்கிறான். அதே ஆள் போனில் வருகிற குப்பையையெல்லாம் ஊருக்கே அனுப்புகிறான். அந்தக் கடுப்பில் வந்த கதை இது. ஏழாங்கிளாஸோடு நின்றவன் எழுதுவது. பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'எண்ணூர்க் கடற்கரையில் விடியற்காலையில் பறவைகள்…'

வேண்டாம். அங்கே சாம்பல்தான் பறக்கிறது.

முகத்துவாரக்குப்பத்தில் கிருஷ்ணப்பன் என்று ஒரு கிழவன். நாற்பது வருஷம் போட் எஞ்சின் ஓட்டியவன். (நான் இல்லை. சரி, நான்தான். 'அவன்' என்று எழுதினால் திட்ட வசதி.) அவனிடம் ஒரு பிலிம் சுருள் இருந்தது. ஐம்பது வருஷத்துக்கு முன் ஒரு பாதிரியார்* எடுத்தது. முன்பாதியில் கரையோரத்து வீடுகள், பின்பாதியில் கட்டுமரங்கள். அந்த மணலுக்கு வேலி போட்ட கம்பெனி, 'இங்கே வீடே இருந்ததில்லை' என்கிறது. நாளைக் காலை ஆபீஸர் முன்னால் விசாரணை.

* பேர் மறந்துவிட்டது. பொய்ப் பேர் வைக்க மனசில்லை.

3

"ஒரு தபாதான் ஓடும் நைனா, அப்புறம் கிழிஞ்சிரும்" என்றான் ராயபுரத்தில் கேமரா ரிப்பேர் பார்க்கும் சாவியோ.

சுருளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற, புரொஜெக்டர் சக்கரத்துக்குக் கறுப்பு அடித்து, ஒரே ஒரு வெள்ளைக் கோடு போட்டான். எதிரில் மிளகளவு சென்சார். கோடு வரும்போது வெளிச்சம் திரும்பி அதன்மேல் அடிக்கும். கேமரா தானாக ஒரு படம் எடுக்கும். ஒரு சுற்றுக்கு ஒரு படம்.

"அது இன்னா, கண்ணா?" என்று சென்சாரைக் காட்டினான் கிருஷ்ணப்பன்.

"கண்ணுதான்."

"தூங்கிடாதே?"

"உன்னை மாறி இல்ல."

ஓடவிட்டு சாவியோ டீக்குப் போனான். சக்கரம் கீச்சென்றது. ஓடுகிற எதற்கும் எண்ணெய் விடாமல் கிருஷ்ணப்பன் இருந்ததே இல்லை. விட்டான். கறுப்பு பளபளத்தது. சென்சாருக்குக் கோடு எது, பளபளப்பு எது என்று தெரியவில்லை. கண்ட இடத்தில் கிளிக், கிளிக்.

சாவியோ திரும்பியபோது வீடுகள் ஓடி முடிந்திருந்தன. கம்ப்யூட்டரில் பாதிக் கூரை, கால் கதவு, எல்லாம் இழுபட்ட கோடுகள். கீழே பிலிம் துண்டு துண்டாகக் கிடந்தது.

"எண்ணெயா ஊத்துன? பேஜாரு பண்ட்டியே!"

சக்கரத்தைத் துடைத்து மிச்சத்தை ஓட்டினான். கட்டுமரங்கள் சுத்தமாக வந்தன. வீடுதான் இல்லை.

கிருஷ்ணப்பன் குனிந்து துண்டுகளைப் பொறுக்கி, ஒன்றை ஜன்னலில் பிடித்தான். நகத்தளவில் அவன் வீடு. கதவு முழுசாக.

"குடு நைனா, ஒண்ணொண்ணா போட்டோ புடிச்சுத் தரேன்."

"புடிச்சா கம்பெனிக்காரன் கம்ப்யூட்டர்ல செஞ்சதுன்னுவான். இதையே எட்துகினு போறேன்."

"ஆபீஸரு எப்டி பாப்பாரு?"

"அங்க ஜன்னல் கீதுல்ல? வெயில்ல புடிச்சுப் பாக்கட்டும். எனக்குத் தெரியுது, அவருக்கு மட்டும் தெரியாதா?"

4

முடிவு ஒன்று: ஆபீஸர் பார்த்துக் கண்கலங்கி வேலியை… சீ, இதை எழுதக் கை கூசுகிறது.

முடிவு இரண்டு: ஆபீஸர் ஜன்னல் பக்கம் திரும்பாமலே…

இதையும் எழுத மாட்டேன். கம்பெனிக்காரனுக்கு நான் ஏன் எழுதிக் கொடுக்க வேண்டும்? ஒரு துண்டை உங்களிடம் விட்டுப் போகிறேன். வெயிலில் பிடித்து, என்ன தெரிகிறதோ அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

கிருஷ்ணப்பன் பிலிம் துண்டுகளைப் போட்ட பிஸ்கட் டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடக்கிறான். நீங்கள் பிடித்துப் பார்ப்பீர்கள் என்று அவனுக்கு நம்பிக்கை இல்லை. திரும்பியும் பார்க்கவில்லை.