தாம் பிடிபட்ட வெள்ளிக்கிழமை

கோக்தால் ஊரில் பிறந்தவர்கள் எல்லாரும் வேறிடத்தில் பிறந்தவர்கள். சக்கரவர்த்தியின் சட்டம் அப்படித்தான் சொன்னது. ஊரிலிருந்த முஸ்லிம்கள் அத்தனை பேருக்கும் ‘வேற்றுப்பிறவி’ என்று ஒரு பெயரையும் கொடுத்திருந்தது. ஊர்க்காரர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பனிக்காற்றைப் போல அதுவும் வடக்கேயிருந்து வந்தது. கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

கல்யாணம் என்று வந்தால்தான் சிக்கல். மாப்பிள்ளை எந்த வேறிடத்தில் பிறந்தான் என்று அலுவலகத்தில் சொல்லி முத்திரை வாங்க வேண்டும். முத்திரை இல்லாமல் நிக்காஹ் செய்துவைத்தால் இமாமின் தலைப்பாகை பறிமுதல். பக்கத்து ஊர் இமாம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, தலைவலி என்று சொல்லிச் சமாளித்துவருகிறார்.

ஷாமுராத் பஞ்சு வைத்த அங்கிகள் தைப்பவன். வெள்ளிக்கிழமை அவனுக்கும் தேநீர்க்கடை துர்சுனின் மகள் ஓய்குலுக்கும் நிக்காஹ் என்று பேசியிருந்தது.

“சாயங்காலம் அஸர் தொழுகைக்குள்ள முத்திரை வரலைன்னா, பொண்ணு கம்பளிக்கடைக்காரருக்குத்தான்,” என்றார் துர்சுன். “தப்பா நெனைக்காதீங்க மாப்ள. அவரு மூணு கல்யாணத்துக்குச் சேர்த்தே முத்திரை வாங்கி வச்சிருக்காரு.”

ஷாமுராத் மாலை வகுப்பில் ருஷ்ய மொழி படித்துவந்தான். எதையும் ஒழுங்காகச் செய்கிறவன். செய்து முடித்ததும், ஒழுங்காகத்தான் செய்தோமா என்று கவலைப்படுகிறவன். இரண்டே இரண்டு சொற்கள்தான் அவனுக்குப் பிடிபடவில்லை. ‘ஸ்தேஸ்’ என்றால் இங்கே. ‘தாம்’ என்றால் அங்கே. ஆசிரியை மைக்கூட்டைத் தன் மேசைமேல் வைத்து “ஸ்தேஸ்” என்பாள். அவன் கடைசி பெஞ்சில் இருந்தான். அவனுக்கு அது அங்கே இருந்தது.

ஸ்தேஸுக்கு ஒரு கை விரலில் சிவப்பு நூல் கட்டிக்கொண்டான். தாமுக்கு மறு கை விரலில் பச்சை நூல். பிறகு எந்த நிறம் எதற்கு என்பது மறந்துபோயிற்று.

அலுவலகத்தின் தாழ்வாரம் நீளமானது. பேரரசு ஓர் ஊரைப் பிடிக்கும்போதெல்லாம் தாழ்வாரமும் கொஞ்சம் நீளும். ஷாமுராத் ரொட்டியைக் கட்டிக்கொண்டு போனான். பாதி வழியில் ஒருவர் முலாம்பழக் கடை வைத்திருந்தார். அவரும் முத்திரை வாங்க வந்தவர்தான். அங்கேயே குடும்பஸ்தராகிவிட்டார்.

கோடியில் எழுத்தர் பம்ஃபில் ஸகாரிச் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“பிறந்த இடம்?”

ஷாமுராத் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். எழுத்தருக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே மல்பெரி மரம். மரத்தடியில் அவன் பிறந்த வீடு. ஒருமுறை விரல்களைப் பார்த்துக்கொண்டான்.

“தாம்,” என்றான்.

எழுத்தர் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

“எத்தனையோ வருஷமா இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன் தம்பி. வர்றவன் எல்லாம் இங்கதான் பொறந்தேன், இங்கதான் பொறந்தேன்னு ஒரே பிடிவாதம். நீ ஒருத்தன்தான் சட்டப்படி பொறந்திருக்கே.”

“ஐயா, அது வந்து…”

“தாம் எந்தப் பக்கம்?”

ஷாமுராத் ஜன்னலைக் காட்டினான். அறையில் காட்டுவதற்கு வேறொன்றும் இல்லை.

பம்ஃபில் ஸகாரிச் வரைபடத்தை விரித்துத் தேடினார். முகம் வாடியது.

“தாம் இன்னும் நம்ம கைக்கு வரலையே. நாம பிடிக்காத ஊர்ல பொறந்தவனுக்கு நான் எப்படி முத்திரை போடுறது?”

“அப்போ என் கல்யாணம், ஐயா?”

“அதுக்கென்ன. பிடிச்சிடச் சொல்றேன்.”

மறுநாள் காலையில் ஒரு படைப்பிரிவு முரசு கொட்டிக்கொண்டு கிழக்கு வாசல் வழியாகப் புறப்பட்டது. முன்னால் குதிரையில் கேப்டன். பின்னால் வெற்றி விருந்துக்கான கொப்பரை. மல்பெரி மரத்தைத் தாண்டும்போது சிப்பாய்கள் ஆளுக்கொரு கை பழம் பறித்துக்கொண்டார்கள்.

தேநீர்க்கடைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஓய்குல் பேசினாள்.

“உங்களுக்காக ஒரு ஊரையே பிடிக்கப் போயிருக்காங்களாமே.”

“வாய் தவறிடுச்சு.”

“கம்பளிக்கடைக்காரருக்கு வாயே தவறாது. தொறந்தாத்தானே.”

“அந்த ஊர்க்காரங்கள நெனைச்சாத்தான் கஷ்டமா இருக்கு.”

“எந்த ஊர்க்காரங்க?”

“தாம்ல இருக்கிறவங்க.”

கதவு ஒரு விரற்கடை திறந்தது.

“அவங்களும் நம்மள மாதிரிதான் இருப்பாங்க,” என்றாள் ஓய்குல்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்தது. துர்சுன் புலாவுக்கு அரிசி போட்டார். கம்பளிக்கடைக்காரர் புது உடுப்பில் வந்து, முத்திரைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நிழல் நீண்டுகொண்டிருந்தது.

அப்போது மேற்கு வாசலில் முரசு கேட்டது.

படைப்பிரிவு ஊருக்குள் நுழைந்து கடைத்தெருவைப் பிடித்தது. பிறகு பள்ளிவாசலை, பிறகு ஆட்டுச் சந்தையை. கேப்டன் சேணத்தில் எழுந்து நின்றார்.

“தாம்வாசிகளே, நீங்க இனி சக்கரவர்த்தியின் பிரஜைகள்.”

ஊர்ப் பெரியவர்கள் போன தடவை நின்ற இடத்திலேயே போய் நின்று, வரவேற்புக்கு ரொட்டியும் உப்பும் நீட்டினார்கள். கேப்டன் அவர்களுக்கு மரியாதை அங்கிகளைப் போர்த்தினார். எல்லாம் ஷாமுராத் தைத்தவை. ஒன்றில் அக்குள் தையல் விட்டிருந்தது. அவனுக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

“அழகான ஊர்,” என்றார் கேப்டன். “மல்பெரி மரம்கூட இருக்கு.”

அலுவலகத்திலிருந்து பம்ஃபில் ஸகாரிச்சை இழுத்து வந்தார்கள்.

“கேப்டன், நான் நம்ம ஆளு.”

“தாம்ல நமக்கு ஆளே கிடையாது. நீ எங்க பொறந்தே?”

“ரியாஸான்ல.”

“அப்போ வேறிடம். போய் வரிசையில நில்லு.”

எழுத்தர் போய் இமாமுக்குப் பின்னால் நின்றார்.

கம்பளிக்கடைக்காரர் மூன்று முத்திரைகளையும் நீட்டினார். கேப்டன் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதெல்லாம் கோக்தால்னு ஏதோ ஒரு ஊரோடது. இங்க செல்லாது.”

கம்பளிக்கடைக்காரர் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

“தாம்ல பொறந்தவன் யாரு?”

ஷாமுராத் முன்னால் வந்தான். தாள் கைவசம் இல்லை. கேப்டன் அவன் உள்ளங்கையிலேயே முத்திரையைக் குத்தினார். இமாம் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தலைப்பாகையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நிக்காஹ் நடந்தது. எழுத்தர் சாட்சி.

படைப்பிரிவு முழுவதும் உட்கார்ந்து புலாவ் சாப்பிட்டது. துர்சுன் காலியாகிக்கொண்டிருந்த தன் கொப்பரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கேப்டன் விரல்களைத் துடைத்துக்கொண்டு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார்.

“இன்னும் ஏதாவது தாம் பாக்கி இருக்கா?”

எல்லாரும் தட்டைப் பார்த்தார்கள். இல்லை என்று சொன்னால் படை இங்கேயே தங்கிவிடும். ஏதாவது ஒரு திசையைச் சொன்னால் சுற்றிக்கொண்டு மறு வாசல் வழியாக வந்துவிடும். ஓய்குல் அவன் பக்கத்தில் நூலிழை அளவு நெருங்கி உட்கார்ந்தாள்.

ஷாமுராத் விரல்களைப் பார்க்கவில்லை. வடக்கே போகும் பெரிய சாலையைக் காட்டினான். ஆணைகளும் ஆசிரியைகளும் கேப்டன்களும் தலைநகரிலிருந்து வருவது அந்தச் சாலையில்தான்.

“தாம்,” என்றான்.

“பெரிய ஊரா?”

“ரொம்பப் பெருசு. அங்க இருக்கிறவங்க யாருக்கும் முத்திரை கிடையாது.”

கேப்டன் சல்யூட் அடித்தார். முரசு கிளம்பியது. மிச்சமிருந்த மரியாதை அங்கிகளைக் குதிரைமேல் ஏற்றினார்கள். புழுதி அடங்க வெகுநேரமாயிற்று.

“சரியான வார்த்தையத்தான் சொன்னேனா?” என்று கேட்டான் ஷாமுராத்.

ஓய்குல் அவன் விரல்களிலிருந்த இரண்டு நூல்களையும் அவிழ்த்தாள். பல்லில் கடித்து, இரண்டையும் ஊசியில் ஒன்றாகக் கோத்து, ஊர்ப் பெரியவரின் அங்கியில் விட்டிருந்த அக்குளைத் தைக்கத் தொடங்கினாள்.

“கையைக் கொஞ்சம் தூக்குங்க மாமா,” என்றாள்.