புழு இருக்கிற காலிஃபிளவர்

எனக்கு வாய் நீளம். கல்யாணமான புதிதிலேயே என் வீட்டுக்காரர் கண்டுபிடித்துச் சொன்னது. இருபத்தாறு வருஷமாக அதைப் பொய்யாக்காமல் காப்பாற்றி வருகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் மட்டும் வாயைக் கட்டியிருந்தால் இன்றைக்கு இப்படிப் புலம்பிக்கொண்டிருக்க மாட்டேன்.

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் நாற்பத்திரண்டு வீடுகள் எங்களிடம் காய் வாங்கின. மூன்று வருஷமாக, வாரத்துக்கு ஒருநாள், வீட்டுக்கு ஒரு கூடை. மருந்து அடிக்காத காய். ஏற்பாடு செய்துகொடுத்தது மூன்றாவது மாடி டீச்சர். அவர்தான் போன் பண்ணினார். “கொஞ்சம் புகார் வருதும்மா. காலிஃபிளவர்ல புழு, கீரையில ஓட்டைன்னு. ரெண்டு பேரும் நேர்ல வந்து எப்படி விளைவிக்கிறீங்கன்னு சொல்லிட்டுப் போங்க. எல்லாம் சரியாயிடும்.”

அவருக்கென்ன, சொல்லிவிட்டார். அந்த வீடுகள் எங்களைக் கைவிட்டால் மறுபடி மார்க்கெட் வியாபாரிதான் கதி. அவர் ஓட்டை விழுந்த சரக்கைத் தொடமாட்டார். அப்படியென்றால் மறுபடி மருந்து. மருந்தென்றால் இவர் உயிருக்கே ஆபத்து.

நாலு வருஷத்துக்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். முதுகில் கட்டிய மருந்து டேங்க் ஒழுகியிருக்கிறது. மனிதர் அதைக் கவனிக்காமல் அரை நாள் அடித்திருக்கிறார். நான் போனபோது நுரை தள்ளி வரப்பில் கிடந்தார். பதினோரு நாள் ஆஸ்பத்திரி. பிழைத்து வந்தார். வலது கை மட்டும் இன்னும் ஆடுகிறது. சட்டைக்குப் பொத்தான் நான்தான் போட்டுவிடுகிறேன். “இன்னொரு தடவை இது உடம்புல ஏறுச்சுன்னா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது” என்று டாக்டர் சொன்ன அன்றே மருந்தை விட்டோம்.

இதை வெளியில் மூச்சு விடக்கூடாது என்று இவர் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். “நாலு பேர் பாவம் பாத்து வாங்குறதுக்கா நாம வெள்ளாமை பண்றோம்?” என்பார். ரோஷக்காரர்.

குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஒரு கூடம். பிளாஸ்டிக் நாற்காலிகளில் முப்பது பேர். டேபிள் டென்னிஸ் மேசையை மடக்கிச் சுவரோரம் நிறுத்தியிருந்தார்கள். இவரிடம் மைக்கை நீட்டினார்கள். தேளைக் கண்டவர் மாதிரி என் பக்கம் தள்ளிவிட்டார்.

நான் நன்றாகத்தான் பேசினேன். வெள்ளைப் பட்டாம்பூச்சி இலைக்கு அடியில் முட்டை வைப்பதை, விடிந்ததும் ஒவ்வொரு இலையாகத் திருப்பி நாங்கள் அதை நசுக்குவதை, பூச்சி அங்கே போகட்டும் என்று ஓரத்தில் கடுகு விதைப்பதை எல்லாம் சொன்னேன். “அப்படியும் ரெண்டு தப்பிச்சு உங்க வீட்டுக்கு வந்துடும். உப்புத்தண்ணியைச் சுட வச்சு பத்து நிமிஷம் போட்டா எல்லாம் மிதக்கும். புழு உசுரோட வருதுன்னா உங்களுக்கும் ஆயுசு கெட்டின்னு வச்சுக்குங்க” என்றேன். சிரித்தார்கள், கைதட்டினார்கள். எனக்கும் தலைகால் புரியவில்லை.

அரைக்கால் சட்டை போட்ட ஒருவர் எழுந்தார். “எல்லாம் சரிங்க. ஆனா புழுவைப் பாத்ததுலேருந்து என் பொண்ணு காயையே தொட மாட்டேங்குறா. கடையில பளிச்சுனு கிடைக்குதே. சும்மா லேசா அடிச்சா என்ன?”

“அதானே, அளவா அடிக்கலாமே” என்று நாலைந்து குரல்.

இவர் தரையைப் பார்த்துக்கொண்டே, “பாக்குறேங்க” என்றார்.

எனக்குக் கோபம் உச்சி மண்டைக்கு ஏறிவிட்டது. “என்னத்தைப் பாக்குறது? ஏற்கெனவே பாத்தது பத்தாதா?” என்று மைக்கிலேயே கத்தினேன். அப்புறம் என்னால் நிறுத்த முடியவில்லை. டேங்க் ஒழுகியது, நுரை, பதினோரு நாள், டாக்டர் சொன்னது, பொத்தான், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். “லேசா அடிங்கன்னு சொல்றீங்களே, யாரு முதுகுல ஏத்துறது அதை?”

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அரைக்கால் சட்டைக்காரர் உட்கார்ந்துவிட்டார். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன், பைத்தியக்காரி.

இரண்டாவது வரிசையில் ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள். ஏழு மாசம் இருக்கும். “தப்பா எடுத்துக்காதீங்கக்கா. வயித்துல பிள்ளை இருக்கு, அதான் கேக்குறேன். அவ்வளவு விஷம் அடிச்ச நிலத்துலதான் இதுவும் விளையுதா?”

“அதெல்லாம் விட்டு நாலு வருஷமாச்சும்மா.”

“மண்ணுல இன்னும் இருக்காதுங்களா? சோதிச்சுப் பாத்தீங்களா?”

இல்லை. எங்களுக்கு அது தோன்றவே இல்லை. அவள் மேல் எனக்குக் கோபமும் வரவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன்.

அப்புறம் யாரும் சத்தம் போடவில்லை. மரியாதையாகவே பேசினார்கள். மண் சோதனை ரிப்போர்ட் வரட்டும், அதுவரை கூடை வேண்டாம், வந்ததும் மறுபடி ஆரம்பித்துக்கொள்ளலாம் என்றார்கள். வாசல்வரை வந்த டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “எனக்கு ஒரு பயமும் இல்லம்மா. வீட்லதான் ஒத்துக்க மாட்டாங்க.”

மறுநாள் மண் பரிசோதனை நிலையத்தில் விசாரித்தோம். ரிப்போர்ட் வர இரண்டு மாசம் ஆகும் என்றார்கள். வயலில் நிற்கிற பூவை இருபது நாளில் வெட்டியாக வேண்டும். வியாபாரியைக் கூப்பிட்டோம். அவர் வந்து நாலு செடியைத் திருப்பிப் பார்த்தார். “இந்த ஓட்டையோட எடுக்க முடியாதுங்க. ரெண்டு நாளைக்குள்ள அடிச்சா பூ தப்பிக்கும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“சத்தியத்தை மீறிட்டேன், என்னைத் திட்டுங்க” என்றேன்.

“திட்டினா புழு செத்துடுமா?” என்றார் இவர். “நாளைக்கு அடிச்சிடுறேன்.”

“நான் அடிக்கிறேன். டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?”

“நீ அடிச்சு நீ விழுந்தா?”

“கூலிக்கு ஆள் வச்சுக்கலாம்.”

“விழறதுக்கு அடுத்த வீட்டு ஆளா?”

விளக்கேற்றும் நேரம்வரை இதே சண்டை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எதற்கும் இப்படி மல்லுக்கு நின்றதில்லை நாங்கள். கடைசியில் இவர்தான் வழி சொன்னார். “ஆளுக்குப் பாதி. பாதின்னா ரெண்டு பேருமே தப்பிச்சாலும் தப்பிச்சுக்குவோம்.” நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்ய?

காலையில் காற்று இல்லை. முகத்தில் துணி கட்டிக்கொண்டு மேற்குப் பாதியை நான் முடித்தேன். நெஞ்சு எரிந்தது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை. டேங்கை இறக்கி மறுபடி நிரப்பினேன். இவர் வந்து எனக்கு முதுகைக் காட்டி நின்றார். தூக்கி ஏற்றி, வாரை இழுத்து, என் கையாலேயே கட்டிவிட்டேன்.