தீக்குச்சி வைத்த பக்கம்

மாமாவின் தலைக்கு அடியிலிருந்து தலையணையை உருவும்போது அவள் தேடியது அவர் ஒட்டி வைத்த கடித உறையைத்தான். இருந்தது. அதற்கும் கீழே அந்தப் பெரிய புத்தகம் இருந்தது. அப்பாவின் தலையைத் தாங்கிப் பிடித்திருந்த அவள் கணவன், "மெதுவா, மெதுவா" என்றான், இனி வலிக்காது என்பதை மறந்து.

உறையைப் படுக்கை விரிப்புக்குள் சுருட்டிக்கொண்டு போய் சலவை இயந்திரத்தில் போட்டு மூடினாள். பொத்தானை அழுத்தவில்லை. அழுத்திவிட்டால் என்ன என்று ஒரு நிமிடம் அங்கேயே நின்றாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அழுத்தினால் நாற்பது நிமிடத்தில் எல்லாம் கூழாகிவிடும், யாரும் கேட்க மாட்டார்கள்.

புத்தகத்தை ஒளிக்க முடியவில்லை. அறுநூற்று நாற்பத்திரண்டு பக்கம். அதை எங்கே வைப்பது என்று அவள் விழித்துக்கொண்டிருந்தபோதே நாத்தனார் வந்துவிட்டாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். யார் எங்கே உட்கார வேண்டும் என்று சொல்லிச் சொல்லிப் பழகியவள். அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூடத்தில் எதை எதை நகர்த்த வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தாள். போட்டோ வைக்கப் போட்ட மேசை ஒரு பக்கம் ஆடியது.

"இது என்ன புக்கு? நல்ல கனமா இருக்கே."

"அண்ணி, அது மாமா படிச்சிட்டிருந்த..."

"அவருக்குத்தானே முட்டுக் குடுக்கப் போகுது. இருக்கட்டும் விடு."

புத்தகம் மேசைக் காலுக்கு அடியில் போனது. மேசை ஆடாமல் நின்றது. இரண்டு வருடம் தூக்கத்தை விட்டு எழுதிய தன் நாவலின் மேல் மாமனாரின் படம் ஏறி உட்கார்ந்ததை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அதை எழுதியது அவள்தான் என்று அந்த வீட்டில் கணவனைத் தவிர யாருக்கும் தெரியாது. அட்டையில் இருந்தது ஓர் ஆணின் பெயர்.

பெயரை ஒளித்ததற்குக் காரணம் மாமாதான். மின்வாரியத்தில் மீட்டர் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதோடு கூடவே முப்பத்தொரு வருடமாக ஒரு வாரப் பத்திரிகையில் புத்தக மதிப்புரை எழுதியவர். வாசகர்கள் வைத்த பெயர் கத்தரி. நாலு வரி போதும், ஒரு மனுஷன் அதற்குப் பிறகு பேனாவையே தொட மாட்டான். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பதால் அவளுக்கு அவர் வைத்த பெயர் ஊசி. "வீட்ல ஒரு கத்தரி இருக்கு, ஒரு ஊசி இருக்கு. தைக்கத்தான் ஆளக் காணோம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அவர் அலமாரியில் ஆயிரத்துச் சொச்சம் புத்தகங்கள். ஏறக்குறைய எல்லாவற்றுக்குள்ளும் ஒரு தீக்குச்சி இருக்கும். எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்காவிட்டால் எந்தப் பக்கத்தில் மூடி வைத்திருப்பாரோ, அந்தப் பக்கத்தில் ஒரு குச்சி. அதற்கு மேல் படிப்பதெல்லாம் கடமைக்கு. குச்சியே இல்லாத புத்தகங்கள் மொத்தம் ஏழு, அவற்றுக்குத் தனி அடுக்கு. பத்தாம் பக்கத்திலேயே குச்சி வாங்கிய பெரிய மனிதர்களை அவளுக்குத் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன்பு குளியலறையில் விழுந்து இடுப்பு உடைந்த பிறகு அவர் எழுந்திருக்கவில்லை. மரச் சட்டம் வைத்த கட்டிலை வாடகைக்கு எடுத்து வந்து போட்டார்கள். தண்ணீர் வேண்டுமென்றால், புரண்டு படுக்க வேண்டுமென்றால், சட்டத்தில் மூன்று முறை தட்டுவார். கணவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன், பாதி நாள் இரவு வேலை. ஆகவே தட்டு எப்போதும் அவளுக்குத்தான். ஒரு தட்டுக்குக் கண் திறக்கும், இரண்டாவதுக்குக் கால் தரையில் இருக்கும், மூன்றாவது விழும்போது அவள் பக்கத்தில் நிற்பாள். எப்படியும் தூங்கப் போவதில்லை என்று ஆன பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். கேட்டால் லேப் ரிப்போர்ட் என்பாள்.

அவள் எழுதிய நாட்டில் மந்திரம் சும்மா வராது. தூக்கத்தைக் கொடுத்தால்தான் வரும். ஒரு மணி நேரத் தூக்கத்துக்கு ஒரு பாறை நகரும், ஒரு முழு இரவுக்கு ஆற்றின் மேல் பாலம் நிற்கும். சொந்தத் தூக்கம் தீர்ந்துபோன மந்திரவாதிகள் அடுத்தவர் தூக்கத்தை எடுப்பார்கள். மரத்தில் மூன்று முறை தட்டினால் போதும், எங்கோ ஒருத்தி விழித்துக்கொள்வாள். அந்த நாட்டின் கோட்டைகள் எல்லாம் அப்படிக் கட்டியவை. அந்த மூன்று தட்டைத்தான் அவள் எழுதியிருக்கக் கூடாது. ஆனால் அந்தப் புத்தகம் உலகத்தில் இத்தனை கட்டில் இருக்க இந்தக் கட்டிலுக்கே வந்து சேரும் என்று அவள் நினைத்தாளா?

ஆறு வாரத்துக்கு முன் பத்திரிகையிலிருந்து பொட்டலம் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கியவளும் அவள்தான், பிரித்தவளும் அவள்தான். உள்ளே இருந்தது அவள் நாவல். ஆனாலும் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தாள். சாப்பாட்டுத் தட்டு வைக்கும் பலகையில் புத்தகத்தைச் சாய்த்து, பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, நாளுக்குப் பதினைந்து இருபது பக்கமாகப் படித்தார்.

"ஊசி, உனக்கு இந்த மாயம் மந்திரம் எல்லாம் புடிக்குமா?"

"படிக்க எங்க மாமா நேரம்?"

"அதானே. இங்க ஒருத்தன் இருநூறாம் பக்கத்துல குதிரையில ஏறினான். இருநூத்தி நாப்பது வந்தாச்சு, இன்னும் எறங்கல. குதிரை பாவம் இல்லையா?"

அவள் சிரிப்பது போலச் செய்துவிட்டு மாத்திரை டப்பாவைத் துழாவினாள். குதிரைப் பயணத்தைக் குறைக்கச் சொல்லிப் பதிப்பகத்தில் கேட்டபோது சண்டை போட்டவள் அவள். இன்னொரு நாள், "உங்க லேப்ல ரத்தம் எல்லாம் கதை சொல்லுமா?" என்று கேட்டார். என்ன மாமா என்றாள். ஒன்றுமில்லை என்றார்.

போன வாரம் காகிதமும் உறையும் பசையும் கேட்டார். கை நடுங்க நடுங்கத் தானே எழுதி, தானே ஒட்டினார். "பத்திரிகைக்காரன் வந்தா குடு. நீ பிரிக்காத" என்று சொல்லித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு எழுதுகிற வேலை எதுவும் அவர் கேட்கவில்லை.

இன்று காலை அவர் தட்டவில்லை. தினமும் ஐந்தரைக்குத் தட்டுகிறவர். அவள் கண் விழித்தபோது ஏழு மணி, ஜன்னலில் வெயில் அடித்தது. எவ்வளவு நாளாயிற்று இப்படித் தூங்கி என்று உடம்பெல்லாம் லேசாக இருந்தது. அந்த லேசு தெரிந்த பிறகுதான் பயம் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தாள். முகம் அமைதியாக இருந்தது. அப்பாடா என்றுதான் முதலில் மனதுக்குள் வந்தது, அவருக்காகவும் தனக்காகவும். பிறகு அதற்காக வெட்கப்பட்டாள், அப்புறம்தான் அழுகை வந்தது.

பதினோரு மணிக்குப் பத்திரிகைக்காரர் மலர்வளையத்தோடு வந்தார். குள்ளமான, வியர்த்து வழிகிற மனிதர். படத்தின் முன் கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். அவர் கால் மேசைக்கு அடியில் இருந்த புத்தகத்தை ஒட்டி இருந்தது, குனிந்து பார்க்கவில்லை. பிறகு அவள் கணவன் பக்கத்தில் போய் மெல்லக் கேட்டார்.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாது. அந்தப் புத்தகத்துக்கு எழுதி உறையில வச்சிட்டேன்னு போன்ல சொன்னாரு. கடைசி எழுத்து இல்லையா? இந்த வாரமே பெரிசாப் போடலாம்னு..."

கணவன் மனைவியைப் பார்த்தான். அவள் சமையலறைக்குப் போனாள், அவனும் பின்னாலேயே வந்தான்.

"எங்க வச்சிருக்க?"

"வாஷிங் மெஷின்ல."

"ஓடுதா?"

"இல்ல."

அவன் பெருமூச்சு விட்டான். "உனக்கு எது தோணுதோ செய். குடுக்கலன்னாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எங்க அப்பாவப் பத்தி எனக்குத் தெரியாதா? கிழிச்சுத் தொங்கவிட்டிருப்பாரு."

"தெரியும்."

"அது கடைசி எழுத்துன்னு காலாகாலத்துக்கும் நிக்கும்."

"அதுவும் தெரியுங்க."

அவள் இயந்திரத்தின் மூடியைத் திறந்தாள். முப்பத்தொரு வருடத்தில் அவர் ஒரு வாரம்கூடத் தாமதமாக அனுப்பியதில்லை. இடுப்பு உடைந்த வாரம்கூட ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார். விரிப்புக்குள்ளிருந்து உறையை எடுத்தாள். ஓரத்தில் ஈரம் பட்டிருந்தது. முந்தானையில் ஒற்றிக்கொண்டு போய், பரீட்சைத் தாளை நீட்டுகிறவள் போல நீட்டினாள்.

பத்திரிகைக்காரர் அங்கேயே பிரித்தார். ஒரே ஒரு தாள். படித்தார், புருவம் ஏறியது. இன்னொரு தடவை படித்தார். பிறகு கூடத்தைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"இதுல மதிப்புரை இல்லம்மா" என்று தாளை அவளிடம் கொடுத்தார்.

எழுத்து கோணல்மாணலாக இருந்தது, ஆனால் அவருடைய எழுத்துதான்.

'நண்பருக்கு. இந்த நூலுக்கு நான் மதிப்புரை எழுத இயலாது. வேண்டியவர்கள் நூலுக்கு நான் எழுதுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். இதை எழுதியவர் என் வீட்டில் இருக்கிறார். அவராக என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, நீங்களும் கேட்க வேண்டாம். வேறு யாரிடமாவது கொடுங்கள். பொறுமையாகப் படிக்கத் தெரிந்த ஆளாகப் பாருங்கள். இது அவசரமாகப் படிக்கிற புத்தகம் அல்ல. குதிரைகள் மட்டும் கொஞ்சம் அதிகம்.'

அவள் தாளை மடித்தாள். அவருக்குத் தெரிந்திருக்கிறது. மூன்றாவது தட்டைப் படித்த அன்றே தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டே குதிரை, ரத்தம் என்று சீண்டிக்கொண்டு கிடந்திருக்கிறார் கிழவர்.

இதற்குள் பத்திரிகைக்காரர் ஒரு முடிவுக்கு வந்து, நேராகப் போய் அவள் கணவனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சார், நீங்களா? இந்த நேரத்துல வாழ்த்துச் சொல்லக் கூடாது. ஆனா அந்தக் கோட்டை இடியிற அத்தியாயம் இருக்கே!"

"ஐயோ, நான் லிஃப்டுக்கு ஆயில் போடறவன் சார்."

"அடக்கத்தப் பாருங்க."

"நெஜமாவே சார். ரெண்டு வரி லீவு லெட்டர்கூட இவதான் எழுதித் தருவா."

நாத்தனார் என்ன என்ன என்று பக்கத்தில் வந்தாள். கணவன் வேறு வழியில்லாமல் மனைவியைப் பார்த்தான். அவள் மாமாவைப் பார்த்தாள். பெஞ்சில் நீட்டிப் படுத்திருந்தார், கன்னத்தில் வெள்ளை முள்ளாகத் தாடி. நேற்றே சவரம் செய்துவிட்டிருக்க வேண்டும்.

"நான்தான் சார் எழுதினேன்" என்றாள்.

குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. நாத்தனாரின் பார்வை மெதுவாக மேசைக் காலுக்கு இறங்கியது.

மூன்று மணிக்கு வண்டி வந்தது. கணவனும் மற்றவர்களும் கூடப் போனார்கள். வாசலில் நின்று, வண்டி தெருமுனை திரும்பும் வரை அவள் அழுதாள். நன்றாக, சத்தமாக, மறைக்க எதுவும் மிச்சமில்லாமல் அழுதாள். உள்ளே வந்தபோது நாத்தனார் ஒரு கையால் மேசையைத் தூக்கிப் பிடித்து, காலால் புத்தகத்தை வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து எடுத்து, முந்தானையால் அட்டையைத் துடைத்தாள். மேசைக் காலின் வட்டம் அட்டையில் பதிந்துவிட்டிருந்தது.

"எனக்கு எப்படித் தெரியும் சொல்லு. வாயத் தொறந்து சொல்ல வேணாமா நீ?"

"பரவால்ல அண்ணி. ஆடாம நின்னுச்சே."

நாத்தனார் சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக வாயைப் பொத்திக்கொண்டாள். "போய்ப் படு. மூஞ்சியப் பாத்தா அப்பாவுக்கு அடுத்து நீதான்னு இருக்கு. கட்டில்காரங்க வந்தா நான் பாத்துக்கறேன்."

உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு பாயில் உட்கார்ந்தாள். புத்தகத்தை முதுகைப் பிடித்து லேசாக உதறினாள். ஒன்றும் விழவில்லை. ஏழு புத்தகத்தின் அடுக்கு நினைவுக்கு வந்தது, உடனே பேராசை என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பக்கங்களைப் புரட்டினாள். குதிரைகள் வந்த இடமெல்லாம் ஓரத்தில் பென்சிலில் சின்னச் சின்னக் கோடு. இருநூறு தாண்டியது, முந்நூறு தாண்டியது. குச்சி இல்லை.

முந்நூற்று எண்பத்தெட்டாம் பக்கத்தில் இருந்தது. மடிப்புக்குள் ஆழமாகச் செருகியிருந்ததால் உதறியும் விழவில்லை.

கடைசி இருநூற்றைம்பது பக்கம் கடமைக்குத்தானா? எந்த இடம் என்று பார்த்தாள். கிழட்டு மந்திரவாதி தன் பணிப்பெண்ணுக்குத் தூக்கத்தின் விதிகளைச் சொல்லும் இடம். கடைசி விதியின் கீழே பென்சில் கோடு இருந்தது. 'போன தூக்கம் திரும்பாது. எடுத்தவர் இறந்துபோனாலும் திரும்பாது.'

பக்கத்தில், ஓரத்தில், அதே கோணல் எழுத்து: 'இதற்கு மேல் அன்று படிக்க முடியவில்லை. இந்த விதி தவறு. அடுத்த பதிப்பில் மாற்று, ஊசி.'

அவள் அதைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். பென்சில் மாறி, இன்னும் நடுக்கமாக, கோடுகள் கடைசிப் பக்கம் வரை போயிருந்தன. தீக்குச்சியை இருந்த இடத்திலேயே வைத்து மூடினாள். புத்தகத்தைத் தலைக்கு வைத்துக்கொண்டு சரிந்தாள். கனமான புத்தகம்தான், ஆனால் உயரம் சரியாக இருந்தது.

எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று தெரியவில்லை. வெளியே கட்டில்காரர்கள் வந்துவிட்டார்கள் போலிருந்தது. "மெதுவாப்பா, தூங்கறாங்க" என்ற நாத்தனாரின் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது. சட்டத்தைக் கழற்ற யாரோ சுத்தியலால் தட்டினார்கள். ஒன்று. அவள் கண் பாதி திறந்தது. இரண்டு. கால் தானாகப் பாயை விட்டுத் தரைக்குப் போனது.

மூன்று.

காலை மெல்ல இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு, மறுபக்கம் திரும்பிப் படுத்தாள்.